பரப்புரையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி: மலையக வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடக்கும் என்று சொல்லித்தான் நம்மவர்களைக் கூட்டிவந்தார்கள் என்பது மலையகத்தில் எந்த வீட்டுப் பெரியவரைக் கேட்டாலும் கிடைக்கிற கதை. கங்காணிமார் அதே வார்த்தைகளைச் சொன்னார்களோ இல்லையோ, ஆள் சேர்த்த விதம் அப்படித்தான் இருந்தது. வேலை இருந்தது உண்மை. கூலி உண்டு என்பதும் உண்மை. வழிச்செலவும் முற்பணமும் கடனாகத் தலையில் ஏறும், கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது என்பது மட்டும் பேச்சில் வரவில்லை.

பரப்புரையில் பச்சைப் பொய்யின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. உண்மைகளில் சிலதை முன்னால் தூக்கி வைத்து, மற்றதைப் பின்னால் தள்ளுவதுதான் அதன் பெரிய வேலை. ஆகவே "இது பொய்யா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறவர் பாதிப் பரப்புரையைப் பிடிக்கவே மாட்டார். அதோடு சேர்த்து இன்னொன்றும் கேட்க வேண்டும்: இதில் எது விடுபட்டிருக்கிறது, அது விடுபட்டதால் யாருக்கு லாபம்? கீழே வருகிற படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைப் பழகுவதற்காகத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளை ஒரு பக்கம் இழுப்பதற்காகத் திட்டமிட்டுச் செய்யப்படுவதெல்லாம் பரப்புரை என்றால், டெங்கு ஒழிப்பு நோட்டீசும் பரப்புரைதான். இழுக்கப்படுகிறோம் என்று தெரிந்து போவதில் தப்பில்லை. தெரியாமல் போவதுதான் பிரச்சினை.

படி 1: உங்களுக்குள் எது கிளம்புகிறது என்று பாருங்கள்

ஒரு செய்தியைப் பார்த்ததும் கோபம், பயம், பெருமை, அருவருப்பு, இவற்றில் ஒன்று பொங்கி வந்து உடனே பத்துப் பேருக்கு அனுப்பத் தோன்றினால், அங்கேயே கையை எடுங்கள். உணர்ச்சி வருவது இயல்புதான். ஆனால் செய்தியைத் தயாரித்தவர் எதிர்பார்த்ததும் அதையே என்றால், அவர் போட்ட கணக்கு சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

வந்த உணர்ச்சிக்கு மனதுக்குள் ஒரு பெயர் வையுங்கள். "இது என்னைப் பயமுறுத்துகிறது." அப்புறம், அந்தப் பயத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று இது விரும்புகிறது? வாக்குப் போடவா, கடையைப் புறக்கணிக்கவா, யாரையாவது வெறுக்கவா, சும்மா வீட்டில் கிடக்கவா? கடைசியில் சொன்னதை லேசாக எடுக்காதீர்கள். "எல்லாரும் கள்ளர்கள்தான், யாருக்குப் போட்டும் பிரயோசனமில்லை" என்ற பேச்சும் யாரோ ஒருவருக்கு நன்றாகவே உதவுகிறது.

படி 2: பேசுவது யார், பேசுவதாகக் காட்டப்படுவது யார்

பரப்புரையை ஆராய்கிறவர்கள் அதை மூன்று நிறமாகப் பிரிப்பார்கள். சொல்பவர் தன் பெயரோடு சொன்னால் வெள்ளை. யார் என்று தெரியாமல் மழுப்பினால் சாம்பல். ஒருவர் தயாரித்து இன்னொருவர் சொன்னதுபோல் விட்டால் கறுப்பு.

இந்த வேலைக்கும் மலைநாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1944இல், நேச நாடுகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. பேராதனைப் பூந்தோட்டத்துக்குள்ளேதான் அலுவலகம் நடந்தது. அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸும் கண்டியில் ஒரு பிரிவை வைத்திருந்தது. எதிரியின் ஆட்களே எழுதியதுபோலத் துண்டுப் பிரசுரம் அடிக்க, வதந்தி கட்ட என்றே அந்த அமைப்பில் தனிக் கிளை இருந்தது. அதே காலத்தில் சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி எதிர்ப்பக்கமிருந்து இந்திய மொழிகளில் பேசிக்கொண்டிருந்தது. தன் பெயரைச் சொல்லிப் பேசியதால் அது வெள்ளை வகை. எந்தப் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். இந்த நிறம் நியாயத்தை அளப்பதில்லை, ஒளிவுமறைவைத்தான் அளக்கிறது.

இன்று தேர்தல் கிட்டினால் "மலையக இளைஞர்கள்" என்றோ "தோட்ட மக்களின் குரல்" என்றோ திடீரென்று பேஸ்புக் பக்கங்கள் முளைக்கும். பக்கத்தின் விவரப் பகுதியில் எப்போது தொடங்கியது, முன்பு வேறு பெயர் இருந்ததா என்று பார்க்கலாம். தேர்தலுக்கு முன் முளைத்து, ஒரே கட்சியை மட்டும் திட்டி, தேர்தல் முடிந்ததும் சமையல் குறிப்புக்கு மாறிய பக்கத்துக்கு என்ன நிறம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

படி 3: உத்தியைப் பெயர் சொல்லிப் பிடியுங்கள்

1937இல் நியூயோர்க்கில் பரப்புரைப் பகுப்பாய்வு நிறுவனம் என்று ஒன்று தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டாலும், அது வகுத்த ஏழு உத்திகள் இன்றும் பாடமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு விளக்கத் தேவையில்லை. நமக்கு அடிக்கடி வருகிறவற்றில் நின்று, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இழிபெயர் சூட்டல். இதற்கு நமக்கு விளக்கமே வேண்டாம். "கள்ளத்தோணி" என்ற ஒரு சொல் போதும். சட்டப்படி, அரசாங்கத்தின் அனுமதியோடு, முதலாளிமாருக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளைத் திருட்டுத்தனமாக வந்தவர்களாக ஆக்கிய சொல் அது. "தோட்டக்காட்டான்" என்ற சொல் தமிழர் வாயிலிருந்தே வந்தது. அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். போர்க்காலத்தில் ஒரு பக்கம் "பயங்கரவாதி", மறுபக்கம் "துரோகி". இரண்டும் செய்தது ஒரே வேலை: பெயர் விழுந்த பிறகு அந்த ஆள் என்ன சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு செய்தியில் பட்டப்பெயரை எடுத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். வாதம் ஏதாவது மிஞ்சினால் அதைப் பற்றிப் பேசலாம்.

மின்னும் சொற்கள். அபிவிருத்தி, மாற்றம், புதிய யுகம், கௌரவம். யாரும் எதிர்க்க முடியாத சொற்கள் இவை. "எந்த அமைச்சு, எவ்வளவு பணம், எந்தத் திகதிக்குள்?" என்று மூன்று கேள்வி போட்டால் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும்.

மதிப்பை இடம்மாற்றல். மக்கள் ஏற்கெனவே மதிக்கிற ஒன்றின் பக்கத்தில் தன்னை நிறுத்திக்கொள்வது. மறைந்த தொழிற்சங்கத் தலைவரின் படத்துக்குக் கீழே இன்றைய வேட்பாளரின் படம், கோயில் திருவிழா நோட்டீசில் பாதியை அடைத்த கட்சிச் சின்னம், எல்லாம் இதுதான். மேலே இருக்கிற ஐயா செய்த வேலைக்கு மதிப்புக் கொடுங்கள். கீழே இருப்பவர் என்ன செய்தார் என்பது தனிக் கேள்வி.

நானும் உங்களில் ஒருவன். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிற படம், லயத்து வாசலில் குந்தி ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிற படம். கமரா போன பிறகும் கூடை தலையில் இருந்ததா என்பதுதான் சோதனை.

பிரபலத்தின் சான்றுரை, "எல்லாரும் எங்களோடுதான்" என்று காட்டுகிற கூட்டப் படம் (எத்தனை பஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போதும்), இவை இரண்டும் எளிதில் பிடிபடும். ஏழாவது உத்தியான ஒருபக்கத் தெரிவு, அதாவது தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக் காட்டுவது, தனிப் படியாக வர வேண்டியது. அதுதான் அடுத்த படி.

படி 4: எண்ணைக் கண்டால் பிரித்து எழுதுங்கள்

சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். "ஆயிரம் ரூபா" என்ற கோரிக்கை பல ஆண்டு மேடைகளில் முழங்கி, 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. எல்லா நோட்டீசிலும் 1,000 என்றுதான் இருந்தது. பிரித்து எழுதினால் அடிப்படை 900, வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100. அதுகூடப் பெரிய விஷயமில்லை. பல தோட்டங்களில் முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, எடுக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டது, கொழுந்து குறைந்தால் அரைப்பேர். தொழிற்சங்கங்களோடு செய்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் விலகின. வென்றோம் என்று சொன்ன நோட்டீசில் கிலோ இல்லை. நட்டம் என்று சொன்ன கம்பனிப் பக்க அறிக்கைகளிலும் கிலோவைக் கூட்டிய கதை பெரிதாக வரவில்லை.

2024 மே தினத்தை ஒட்டி எண் 1,700 ஆனது. அதில் அடிப்படை 1,350, மீதி 350 உற்பத்தித்திறன் கொடுப்பனவு. கம்பனிகள் வழக்குப் போட, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டம்பரில் புதிய வர்த்தமானியில் வந்து நின்றது 1,350. அந்த மாதம் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். திகதிகளை இப்படி ஒரு வரிசையில் எழுதினாலே பாதி விஷயம் விளங்கும்.

எந்த அரசாங்கமாக இருந்தாலும், எந்தச் சங்கமாக இருந்தாலும், சம்பள அறிவிப்பு வந்தால் ஒரு கடதாசியில் நான்கு கேள்வி எழுதுங்கள். இதில் அடிப்படை எவ்வளவு? சேமலாப நிதிக்குக் கணக்கில் வருவது எந்தத் தொகை? முழுப்பேருக்கு எத்தனை கிலோ? மாதத்துக்கு எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள்? கடைசிக் கேள்விதான் உயிர். 1,350 ரூபா வீதம் 25 நாள் என்றால் 33,750. அதே 1,350 வீதம் 12 நாள் என்றால் 16,200. மேடை நாட்சம்பளத்தில் பேசுகிறது, கடைக் கொப்பி மாதக் கணக்கில் நிற்கிறது. இந்த இடைவெளியில் எத்தனை கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

படி 5: பயம் காட்டினால், பிறகு என்ன நடந்தது என்று தேடுங்கள்

சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டுகளிலேயே ஒரு பயம் வளர்க்கப்பட்டது: தோட்டத் தமிழருக்கு வாக்கு இருந்தால் கண்டிச் சிங்களக் குடியானவனின் குரல் மூழ்கிவிடும் என்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு சில தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த ஆண்டு, 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையை எடுத்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் எடுத்தது. குடியானவனின் நிலமின்மை உண்மையான துன்பம். அவனுடைய நிலத்தை எடுத்தது தோட்டக் கம்பனிகளும் காலனிய அரசின் காணிச் சட்டங்களும். பயப் பரப்புரையில் அந்தப் பகுதியைக் காணோம். குறைந்த கூலிக்கு அதே நிலத்தில் வேலை செய்தவன்தான் எதிரியாகக் காட்டப்பட்டான். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

இதே அச்சில் வார்த்த பயம் 2018இல் மறுபடி வந்தது, இந்தத் தடவை முஸ்லிம்களுக்கு எதிராக. அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் கிடந்த மாக்கட்டியைக் "கருத்தடை மாத்திரை" என்றார்கள். அப்படிச் சாப்பாட்டில் கலந்து ஆளை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை. அரச பகுப்பாய்வாளரும் அது மா என்றுதான் சொன்னார். ஆனால் காணொளி அதற்குள் ஓடிவிட்டது. ஒரு வாரத்தில் கண்டி மாவட்டத்தில், திகன, தெல்தெனியப் பக்கம், கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, உயிரும் போனது. அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் சில நாள் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்தின் பங்குக்கு பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

"அவர்கள் பெருகுகிறார்கள், நாம் அழிகிறோம்" என்று எந்த மொழியில் வந்தாலும், யாரைப் பற்றி வந்தாலும், 1948ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தில் "அவர்கள்" என்ற இடத்தில் நாம் இருந்திருக்கிறோம்.

படி 6: போர்ச் செய்தியில் இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் வையுங்கள்

இது கஷ்டமான படி. நம்மில் பலருக்கு வடக்குக் கிழக்கில் உறவு உண்டு. தோட்டத்துப் பையன் என்றாலும் தமிழன் என்பதற்காகக் கொழும்புச் சோதனைச் சாவடியில் நின்றவர்கள் உண்டு. அந்த அனுபவம் ஒரு பக்கத்துப் பரப்புரையை நம்ப எளிதாக்கும்.

அரசாங்கம் இறுதிப் போரை "மனிதாபிமான நடவடிக்கை" என்றது, பொதுமக்கள் உயிரிழப்பே இல்லை என்ற கொள்கையோடு நடத்தியதாகச் சொன்னது. 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. புலிகள் இடம்விட்டு இடம் போனதைத் "தந்திரோபாயப் பின்வாங்கல்" என்றார்கள், மக்கள் விரும்பியே தங்களோடு நிற்பதாகச் சொன்னார்கள். வெளியேற முயன்றவர்களை அவர்கள் சுட்டதையும் அதே ஐ.நா. அறிக்கை எழுதியிருக்கிறது. இந்த இரண்டு வரியில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுகிறவரைக் கண்டால் கவனமாக இருங்கள், அவர் நம் ஆள் என்றாலும். இருதரப்பும் ஆண்டுதோறும் அறிவித்த எதிரி இழப்பை யாராவது உட்கார்ந்து கூட்டியிருந்தால், போர் பாதியிலேயே ஆள் இல்லாமல் முடிந்திருக்க வேண்டும்.

போரில் கொடுமைக் கதைகளுக்குத் தனி இடம் உண்டு. 1917இல் பிரித்தானியப் பத்திரிகைகள், ஜெர்மனியர் தங்கள் போர்வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கும் ஆலை நடத்துவதாக எழுதின. அதற்கு அடிப்படை இல்லை என்று 1925இல் வெளியுறவு அமைச்சர் ஒஸ்டின் சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு நாஜி முகாம்களைப் பற்றி உண்மையான செய்திகள் வந்தபோது பலர் நம்பாமல் விட்டதற்கு அந்தப் பழைய பொய்யும் ஒரு காரணம். 1990 ஒக்டோபரில், குவைத் மருத்துவமனையில் ஈராக்கியப் படையினர் குழந்தைகளை இன்கியூபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டார்கள் என்று 15 வயதுப் பெண் ஒருத்தி அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் அழுதாள். அவள் குவைத் தூதரின் மகள், ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் அந்தச் சாட்சியத்தை ஏற்பாடு செய்தது என்பது போர் முடிந்து 1992இல்தான் வெளியே வந்தது. ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது உண்மை, கொடுமைகள் நடந்ததும் உண்மை. அவ்வளவு உண்மை கையில் இருந்தும் ஒரு நாடகம் தேவைப்பட்டிருக்கிறது.

சாட்சி சொல்பவர் அழுதால் அனுதாபப்படுங்கள். கூடவே யார் அழைத்து வந்தார்கள், சுயாதீனமாக இன்னொருவர் பார்த்தாரா என்றும் கேளுங்கள். உண்மையில் பாதிக்கப்பட்டவரை இந்தக் கேள்வி காயப்படுத்தாது, அவருடைய கதைக்குப் பலம்தான் சேர்க்கும்.

படி 7: படத்தின் சட்டத்துக்கு வெளியே பாருங்கள்

1932இல் இலங்கைத் தேயிலையை உலகத்தில் விற்பதற்கு ஒரு சபை அமைத்தார்கள். பெயரே தேயிலைப் பிரசார சபை. அந்தக் காலத்தில் அதில் யாரும் கூச்சப்படவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை தேயிலைப் பெட்டியில் வருவது பச்சை மலை, பளிச்சென்ற சேலை, சிரித்த முகம். அந்தப் பெண் நம் வீட்டுப் பெண். அவள் சிரிப்பதில் பொய்யில்லை, கமராவைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். அட்டை கடித்த கால் படத்துக்குக் கீழே வெட்டப்பட்டிருக்கிறது, லயம் மலைக்குப் பின்னால் நிற்கிறது.

செய்திப் படத்திலும் இதேதான். எங்கே வெட்டியிருக்கிறார்கள், எந்தக் கோணம், எந்த நாள் என்று பாருங்கள். மழைக்காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. வேறு நாட்டு, வேறு வருட மண்சரிவுப் படம் "இப்போது பதுளையில்" என்று வரும். அணை உடைந்தது என்று பெயரில்லாத ஒரு குரல் பதறும். கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால் பழைய படம் என்றால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஆனால் சுவரில் வெடிப்பைக் கண்டால், ஊற்று கலங்கி வந்தால், எந்த உறுதிப்படுத்தலுக்கும் காத்திராமல் வெளியேறுங்கள். சந்தேகப்படும் பழக்கம் வேறு இடத்துக்கு.

படி 8: சோதிக்கிற வழிகள்

வட்ஸ்அப்பில் செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. உங்களுக்கு அனுப்பிய மாமாவுக்கும் மூலம் தெரியாது. "மூலம் எங்கே?" என்று அவரிடம் கோபிப்பதில் பிரயோசனமில்லை.

தமிழ், சிங்களம் இரண்டும் வாசிக்கிறவர் நம்மிடையே நிறைய. அது பெரிய பலம். ஒரே சம்பவத்தைத் தமிழ்ப் பத்திரிகையிலும் சிங்களப் பத்திரிகையிலும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் நடந்தது. ஒன்றில் மட்டும் இருப்பதை வட்டமிட்டு வையுங்கள், விடுபட்டது எது என்பதை அதைவிட வேகமாகக் காட்டுகிற வழி எனக்குத் தெரியாது. ஃபெக்ட் கிரெசெண்டோ, ஃபெக்ட்சீக்கர் போன்றவை இலங்கையில் பரவும் செய்திகளைத் தமிழிலும் சரிபார்த்து எழுதுகின்றன.

"இந்தப் பாதை எங்கள் தலைவர் போட்டது" என்ற பதாகையைச் சோதிக்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச சபையின் தகவல் அதிகாரியிடம், எந்த ஒதுக்கீட்டில், எந்த ஆண்டில், எவ்வளவு பணத்தில் அந்தப் பாதை போடப்பட்டது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். தோட்டப் பாதைகளில் தோட்ட நிர்வாகத்துக்கும் சபைக்கும் நடுவே யார் பொறுப்பு என்ற இழுபறி வரும். அப்போது இருவரிடமும் கேளுங்கள்.

படி 9: திருத்துகிற விதம்

பொய்யை மறுக்கும்போது பொய்யைத் தலைப்பாக்காதீர்கள். "கறியில் மாத்திரை இல்லை" என்று எழுதினால் மனதில் தங்குவது கறியும் மாத்திரையும்தான். "அம்பாறைக் கறியில் இருந்தது மா, அரச பகுப்பாய்வாளர் சொல்லிவிட்டார்" என்று உண்மையை முதலில் வையுங்கள்.

குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர் தவறான செய்தி போட்டால் அங்கேயே மடக்காதீர்கள். சபையில் தோற்ற பெரியப்பா அந்தச் செய்தியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். தனியாக எடுத்து, "பெரியப்பா, இது பழைய படமாம், இங்கே பாருங்கள்" என்றால் அவரே அழித்துவிடுவார். இனவெறுப்புச் செய்தி என்றால் சட்டச் சிக்கலையும் சொல்லுங்கள். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டமும் 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பகிர்ந்தவரையும் தொடலாம். அரசாங்கத்தை விமர்சிப்பவர்கள் மீதும் இவை பாயலாம் என்ற நியாயமான பயமும் உண்டு, ஆகவே யாரையும் போலீசுக்குக் காட்டிக் கொடுக்க இந்தச் சட்டங்களைத் தூக்க வேண்டாம்.

மலையில் நின்று வேலை செய்கிறவருக்கு நீண்ட எழுத்துச் செய்தி படிக்க நேரமிருக்காது. முப்பது வினாடிக்குள் ஒரு குரல் பதிவு போடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எங்கே பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், திகதியையும் சொல்லுங்கள், ஏனென்றால் அடுத்த மழைக்கு உங்கள் பதிவும் பழைய பதிவாகச் சுற்றும்.